வீட்டில் ஃப்ரைடு ரைஸ்: சாதம் வடிப்பது முதல் தட்டில் போடுவது வரை

ஃப்ரைடு ரைஸ் சொதப்பினால் வீட்டு அடுப்பின் மீதும் சாஸ் பாட்டில் மீதும்தான் பழி விழும். தீ போதவில்லை, சாஸ் சரியில்லை என்பார்கள். புதிதாகச் செய்பவர்கள் பக்கத்தில் நின்று பலமுறை பார்த்துவிட்டேன். குழைந்துபோன ஒவ்வொரு கடாயிலும் காரணம் தண்ணீர்தான். சாதத்தில் ஒட்டியிருந்த தண்ணீர், கழுவிய காயோடு வந்த தண்ணீர், மூடி போட்டதால் ஆவியாகிப் போகாமல் திரும்ப விழுந்த தண்ணீர்.

கீழே உள்ள வரிசை, அந்தத் தண்ணீரை எங்கே எப்படி வெளியேற்றுவது என்பதை வைத்துப் போட்டது. சாதம் தயாராக இருந்தால் காய் நறுக்க 15 நிமிடம், அடுப்பில் 15 நிமிடம் ஆகும். சாதமும் அன்றைக்கே வடிக்க வேண்டுமென்றால் இன்னொரு ஒரு மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பகுதி சும்மா ஆறவிடும் நேரம்தான்.

1. எடுத்து வைக்க வேண்டியவை

நான்கு பேருக்கான அளவு இது:

- பாஸ்மதி அல்லது வேறு நீள அரிசி 2 கப் (சுமார் 400 கிராம்)
- முட்டை 4
- கேரட், பீன்ஸ், முட்டைக்கோஸ், குடைமிளகாய்: எல்லாம் சேர்த்து, நறுக்கியபின் 2 கப்
- வெங்காயத்தாள் ஒரு சிறிய கட்டு
- பூண்டு 8 பல், இஞ்சி ஒரு சிறு துண்டு
- மணம் இல்லாத சமையல் எண்ணெய் 6 டேபிள்ஸ்பூன்
- சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், வினிகர் 1 டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன்
- உப்பு 1 டீஸ்பூன், மிளகுத்தூள் 1 டீஸ்பூன்

2 கப் அரிசி வெந்தால் ஏறக்குறைய 6 கப் சாதம் வரும். காயை 2 கப்புக்கு மேல் கூட்ட வேண்டாம். சத்து வேண்டுமென்று சாதத்துக்குச் சமமாகக் காய் போட்டால், காய் விடும் நீரே சாதத்தை நனைத்துவிடும். கூடுதல் காய் சாப்பிட ஆசை இருந்தால் தனியாக வதக்கித் தட்டில் பக்கத்தில் வையுங்கள்.

பாத்திரம் அகலமாக இருக்கட்டும். ஆழமான சின்னக் கடாயில் சாதம் மேலே மேலே குவிந்து, அடியில் இருப்பது மட்டும் வறுபடும், மேலே இருப்பது ஆவியில் வேகும். இரும்புக் கடாய் இருந்தால் யோசிக்காமல் அதை எடுங்கள். நான்ஸ்டிக் என்றாலும் செய்யலாம், ஆனால் அதைக் காலியாக முழுத் தீயில் காயவிடக் கூடாது. 260 டிகிரி செல்சியஸ் தாண்டினால் அந்தப் பூச்சு சிதையத் தொடங்கும். மின்அடுப்பின் தட்டையான பரப்பில் உருண்டை அடிக் கடாய் சரியாக உட்காராது. அங்கே தட்டை அடிப் பாத்திரம்தான் சரி.

2. சாதம்: பாதி வேலை இங்கேதான்

முதல் கேள்வி, நேற்றைய சாதமா, இன்றைய சாதமா? இரண்டிலும் செய்யலாம்.

முதல் நாள் சாதம் வசதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு. வெந்த அரிசி குளிரும்போது அதிலுள்ள மாவுச்சத்து மறுபடி இறுகும். பருக்கை விறைப்பாகி, மேல்பக்க ஈரமும் காய்ந்துவிடும். ஃப்ரிட்ஜின் குளிரில் இது இன்னும் வேகமாக நடக்கும். அப்படிப்பட்ட சாதத்தைக் கரண்டியால் புரட்டினாலும் பருக்கை உடையாது, நசுங்காது.

அன்றைய சாதத்தில் செய்ய வேண்டுமென்றால் வடித்துச் செய்வதுதான் பாதுகாப்பான வழி. அரிசியை மூன்று நான்கு தண்ணீரில் அலசுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவுதான் பின்னால் பசையாக மாறுவது. அலசிய நீர் ஓரளவு தெளிவாக வந்தால் போதும். பிறகு 20 நிமிடம் ஊறட்டும். ஊறாத அரிசியின் உள்பக்கம் வேகும்முன் வெளிப்பக்கம் குழைந்துவிடும்.

பெரிய பாத்திரத்தில் 10, 12 கப் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவிட்டு, அரை டேபிள்ஸ்பூன் எண்ணெய் விட்டு அரிசியைப் போடுங்கள். போட்டதும் ஒருமுறை மெதுவாகக் கிளறினால் போதும். ஊறிய பாஸ்மதி 6 முதல் 8 நிமிடத்தில் பதத்துக்கு வந்துவிடும். ஐந்தாவது நிமிடத்திலிருந்தே ஒரு பருக்கையை எடுத்து விரலிடையே நசுக்கிப் பாருங்கள். இரண்டு மூன்று துண்டாக உடைந்து, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் உடனே வடித்துவிட வேண்டும். மாவாக நசுங்கினால் நேரம் தாண்டிவிட்டது.

இந்த இடத்தில்தான் எல்லோருக்கும் பயம் வருகிறது. “அக்கா, இன்னும் வேகலையே?” என்று என் தங்கை மூன்று முறை கேட்டாள். நான் போனில் பேசிவிட்டுத் திரும்புவதற்குள் இன்னும் இரண்டு நிமிடம் வைத்துவிட்டாள். மீதி வேக்காடு பாத்திரத்தின் சூட்டிலும் பிறகு கடாயிலும் கிடைத்துவிடும் என்பதை நம்ப வேண்டும். அந்த இரண்டு நிமிடம்தான் அன்றைக்கு உதிரிக்கும் குழைவுக்கும் இடையில் இருந்தது.

வடிதட்டில் கொட்டி இரண்டு நிமிடம் நீர் சொட்டவிட்டு, அகலமான தாம்பாளத்திலோ சுத்தமான துணி மேலோ மெல்லிய அடுக்காகப் பரப்புங்கள். கரண்டியால் கிளறாமல் முள்கரண்டியால் லேசாகக் கிளப்பிவிட்டால் போதும். மின்விசிறிக்குக் கீழே 15, 20 நிமிடம் ஆறட்டும். சாதத்திலிருந்து புகைபோல் எழும்பும் ஆவி உண்மையில் பருக்கையின் ஈரம்தான். சூடாக இருக்கும்போதே பரப்பினால் அந்தச் சூடே ஈரத்தை வெளியே தள்ளும். பாத்திரத்திலேயே மூடி ஆறவைத்தால் அதே ஈரம் மூடியில் பட்டுத் திரும்பச் சொட்டும். நேரம் இருந்தால் தாம்பாளத்தோடு அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் திறந்தபடி வையுங்கள்.

பிரஷர் குக்கரில் வைப்பவர்கள், வழக்கமாக 1 கப்புக்கு ஒன்றரை கப் தண்ணீர் என்றால் ஒன்றேகால் ஆக்குங்கள். ஆவி அடங்கியதும் திறந்து உடனே பரப்புங்கள். குக்கருக்குள் விட்டு வைத்த சாதம் அடியில் அப்பிக்கொள்ளும்.

சாதத்தை முதல் நாளே வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அரிசியில் இயல்பாகவே பேசிலஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். கொதிநீரில் அவை சாவதில்லை. சாதம் மணிக்கணக்கில் வெளியே கிடந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். மறுநாள் எவ்வளவு சூடாக வறுத்தாலும் அந்த நச்சு அழியாது. வாந்தியும் வயிற்றுப்போக்கும் இதனால்தான் வருகின்றன. அதனால் இரவு முழுக்க அடுப்பு மேடையில் கிடந்த சாதம் ஃப்ரைடு ரைஸுக்கு ஆகாது. வடித்து ஒரு மணி நேரத்துக்குள் ஆறவைத்து, மூடி, ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். அடுத்த நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சாதம் கட்டியாக இருக்கும். கடாயில் போட்டபின் கரண்டியால் குத்தி உடைக்கலாம் என்று விட்டுவிடாதீர்கள், பருக்கைதான் உடையும். அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே, கையில் ஒரு டீஸ்பூன் எண்ணெய் தடவிக்கொண்டு, கட்டிகளை விரலால் பிரித்து உதிர்த்து வையுங்கள். ஐந்து நிமிட வேலை. இந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடித்தவர்கள் அடுப்பின் முன் பத்து நிமிடம் கரண்டியோடு மல்லுக்கட்டுவதைப் பார்த்திருக்கிறேன்.

3. காய்: முதலில் கழுவு, பிறகு நறுக்கு

காயை முழுதாகக் கழுவி, துணியால் துடைத்து, அதன்பின் நறுக்குங்கள். நறுக்கிக் கழுவினால் வெட்டுப்பட்ட ஒவ்வொரு பக்கமும் நீரைப் பிடித்துக்கொள்ளும். முட்டைக்கோஸில் இது அதிகம். இழைகளுக்கு நடுவே தங்கிய தண்ணீர் கடாயில்தான் வெளியே வரும்.

கேரட்டும் பீன்ஸும் பச்சைப் பட்டாணியை விடச் சிறிதாக இருக்க வேண்டும். கடாயில் காய்க்குக் கிடைப்பது மூன்று நிமிடம்தான், பெரிய துண்டு அதற்குள் வேகாது. குடைமிளகாயைச் சற்றுப் பெரிதாக விடலாம். முட்டைக்கோஸை மெல்லிசாகச் சீவி, பிறகு குறுக்கே இரண்டு வெட்டு.

நறுக்கிய காயை ஒரே கிண்ணத்தில் கொட்டாமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். கேரட், பீன்ஸ் ஒரு கிண்ணம், முட்டைக்கோஸ், குடைமிளகாய் இன்னொன்று. வேகும் நேரம் வேறு வேறு. வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி பூண்டோடு போகும், பச்சைப் பகுதி கடைசியில் வரும். அவற்றையும் தனித்தனியாக வையுங்கள்.

உறைந்த பட்டாணி பயன்படுத்தினால் முன்னதாகவே வெளியே எடுத்து, நீர் வடித்து, துடைத்துக்கொள்ளுங்கள். காளான் சேர்ப்பதானால் தனியாக வதக்கி, நீர் சுண்டியபின் எடுத்து வையுங்கள். காளானில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர், அதை மற்ற காயோடு போட்டால் கடாய் குளமாகிவிடும்.

பூண்டும் இஞ்சியும் பொடியாக நறுக்கியதாக இருக்கட்டும், விழுது வேண்டாம். விழுதில் நீர் இருப்பதால் எண்ணெயில் தெறிக்கும், அடியில் ஒட்டும், ஒட்டியது கருகும்.

4. கோழி சேர்ப்பதானால்

எலும்பில்லாத கோழி 250 கிராம் போதும். ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஈரத்தைத் துடைத்து, 1 டீஸ்பூன் சோயா சாஸ், 1 டீஸ்பூன் சோளமாவு, 1 டீஸ்பூன் எண்ணெய் பிசறி 15 நிமிடம் வையுங்கள். சோளமாவு மேலே மெல்லிய உறையாகப் படிந்து கறியின் சாறு வெளியே ஓடாமல் தடுக்கும். இல்லாவிட்டால் சின்னத் துண்டுகள் ரப்பர் போல ஆகிவிடும்.

இறாலுக்கும் இதே முறைதான், ஆனால் சுருண்டு நிறம் மாறியதும் எடுத்துவிட வேண்டும், இரண்டு நிமிடத்துக்கு மேல் தாங்காது. பனீர், டோஃபு என்றால் நன்றாகத் துடைத்துப் பொன்னிறமாக வறுத்துத் தனியே வையுங்கள்.

5. சாஸைக் கலந்து வைத்துவிடுங்கள்

சோயா சாஸ், வினிகர், சர்க்கரை மூன்றையும் சின்னக் கிண்ணத்தில் கலந்து அடுப்புக்குப் பக்கத்தில் வையுங்கள்.

இது சின்ன விஷயமாகத் தெரியும். ஒருநாள் என் மைத்துனர் ஆசையாகச் செய்ய வந்தார். பூண்டு எண்ணெயில் பொரிந்துகொண்டிருக்கிறது, அவர் கையில் திறக்க வராத புது சாஸ் பாட்டில். பல்லால் கடித்து, கத்தியால் நெம்பி, கடைசியில் மூடி திறந்தபோது பூண்டு கறுத்துப்போயிருந்தது. அந்தக் கசப்பை எந்தச் சாஸும் மறைக்காது. எண்ணெயைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினோம்.

அளவு விஷயத்திலும் கை நீளும். சோயா, சில்லி சாஸ், தக்காளி சாஸ் என்று பாட்டில் பாட்டிலாக ஊற்றினால் சுவை கூடுவதற்கு முன் ஈரம் கூடிவிடும். காரம் வேண்டியவர்களுக்குச் சில்லி சாஸைச் சாப்பிடும் இடத்தில் வைத்துவிடுங்கள், குழந்தைகளுக்கும் பிரச்சினை இராது.

உப்புக் கணக்கும் இங்கேதான் போட வேண்டும். 2 டேபிள்ஸ்பூன் சாதாரண சோயா சாஸில் ஏறக்குறைய முக்கால் டீஸ்பூன் உப்புக்குச் சமமான உப்பு இருக்கிறது. அதனால்தான் மேலே உப்பை ஒரு டீஸ்பூனோடு நிறுத்தியிருக்கிறேன். சாதம் வடிக்கும்போதே தண்ணீரில் உப்புப் போட்டிருந்தால் அதையும் பாதியாகக் குறையுங்கள். கரிப்பைக் கூட்டலாம், எடுக்க முடியாது.

6. இரண்டு ஈடாகப் பிரியுங்கள்

நான்கு பேருக்கான 6 கப் சாதத்தையும் ஒரே தடவையில் கடாயில் கொட்டுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே பெரியது. வீட்டு அடுப்பின் தீ ஓட்டல் அடுப்பின் தீயில் சிறு பங்குதான். கடாய் நிரம்ப குளிர்ந்த சாதம் விழுந்தால் சூடு சட்டென்று இறங்கிவிடும். ஈரம் இருக்கும்வரை சாதத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. வறுத்த மணமும் நிறமும் பிறப்பதோ 140 டிகிரிக்கு மேலே. ஆக, நெரிசலான கடாயில் நடப்பது வறுபடுவது அல்ல, அவிவது.

3 கப் சாதம் ஓர் ஈடு. முட்டை, கோழி, காய் எல்லாவற்றையும் முதலில் ஒருமுறை முடித்துத் தட்டில் எடுத்து வைத்துக்கொண்டு, சாதத்தை மட்டும் இரண்டு ஈடாக வறுத்து, ஒவ்வொன்றிலும் பாதிப் பாதி சேர்த்தால் நேரமும் அதிகம் போகாது.

இதில் இன்னொரு சௌகரியம். வீட்டில் முட்டை சாப்பிடாதவர் இருந்தால், காய் வதக்கி முதல் ஈட்டை வெறும் காயோடு இறக்கிவிட்டு, அதன்பின் முட்டை பொரித்து இரண்டாம் ஈட்டைச் செய்யலாம். தனி சமையல் தேவையில்லை.

7. கடாயைக் காயவைப்பது

இதற்குமேல் எல்லாம் வேகமாக நடக்கும். சாதம், காய், முட்டை, சாஸ், காலித் தட்டு, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். பிறகுதான் தீக்குச்சி.

இரும்புக் கடாயை, ஸ்டீல் பாத்திரத்தைக் காலியாக நல்ல தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது ஒட்டாமல் முத்துப்போல் உருண்டு ஓட வேண்டும். அதன்பின் எண்ணெய் விட்டு, பாத்திரத்தைச் சுழற்றி எல்லாப் பக்கமும் படியவிடுங்கள். காயாத கடாயில் எண்ணெய் விட்டால் முட்டையும் சாதமும் அடிப்பிடிக்கும். நான்ஸ்டிக்கில் எண்ணெயை முதலிலேயே விட்டு மிதமான தீயில் காயவையுங்கள்.

8. முட்டையும் கோழியும்

நான்கு முட்டையைச் சிட்டிகை உப்புடன் அடித்துக்கொள்ளுங்கள். ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய் நன்றாகக் காய்ந்ததும் ஊற்றினால் ஓரம் உடனே புஸ்ஸென்று உப்பும். பத்து விநாடி விட்டு, அகலமாக நான்கைந்து முறை புரட்டி, மேலே இன்னும் பளபளப்பு இருக்கும்போதே தட்டில் எடுத்துவிடுங்கள். கடைசியில் சாதத்தோடு மறுபடி சூடாகப் போகிறது. இப்போதே முழுதாக வேகவிட்டால் அப்போது வறண்டு பொடியாகிவிடும்.

முட்டையை நேராகச் சாதத்தின் மேல் ஊற்றுபவர்கள் உண்டு. பழகிய கைக்கு அது சரி. புதியவர் செய்தால் முட்டை பருக்கைகளை ஒட்டிக் கட்டியாக்கிவிடும்.

கோழி இருந்தால் அடுத்தது அது. துண்டுகளை ஒன்றோடொன்று இடிக்காமல் பரப்பி, ஒரு நிமிடம் தொடாமல் விடுங்கள். அடிப்பக்கம் பொன்னிறமானதும் புரட்டி, மொத்தம் நான்கு நிமிடம். பெரிய துண்டு ஒன்றைப் பிட்டுப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு இருக்கக் கூடாது. சமையல் வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்ட வேண்டும்.

9. பூண்டு, பிறகு காய்

கடாயில் ஒன்றரை டேபிள்ஸ்பூன் எண்ணெய். தீயை இங்கே மட்டும் குறையுங்கள். பூண்டு, இஞ்சி, வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி மூன்றும் போட்டு 20, 30 விநாடி. மணம் எழும்பி, பூண்டின் ஓரம் லேசாக நிறம் மாறும் முன்பே கேரட், பீன்ஸைக் கொட்டித் தீயை முழுதாக வையுங்கள். காய் விழுந்ததும் சூடு இறங்குவதால் பூண்டு கருகாமல் தப்பித்துக்கொள்ளும்.

இரண்டு நிமிடம் கழித்து முட்டைக்கோஸ், குடைமிளகாய். இன்னும் ஒரு நிமிடம். கடித்தால் நறுக்கென்று இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

காய்க்கு உப்புப் போடாதீர்கள். உப்புப் பட்டதும் காய் நீர் விடும், இவ்வளவு நேரம் துடைத்ததெல்லாம் வீண். மூடியும் போடாதீர்கள். “மூடினா சீக்கிரம் வேகுமே” என்ற பழக்கம் மற்ற சமையலுக்குச் சரி, இதற்கு ஆகாது.

10. சாதம் வறுப்பது

கடாயைத் துடைத்து, மறுபடி காயவைத்து, ஒரு டேபிள்ஸ்பூன் எண்ணெய், 3 கப் சாதம். தீ முழுதாக இருக்கட்டும்.

போட்டதும் பரப்பிவிட்டு 30 விநாடி கையை எடுத்துவிடுங்கள். இது எல்லோருக்கும் கஷ்டமான இடம். கரண்டி கையில் இருந்தால் கிளறத்தான் தோன்றும். கிளறிக்கொண்டே இருந்தால் எந்தப் பருக்கையும் கடாயில் தங்கிச் சூடேறாது, சூடேறாமல் ஈரம் போகாது. அரை நிமிடத்துக்கு ஒருமுறை அடியிலிருந்து மேலாகப் புரட்டி மறுபடி பரப்பினால் போதும். தட்டையான தோசைக்கரண்டிதான் இதற்கு வாகு. குழிக்கரண்டியின் முதுகால் அழுத்தினால் சாதம் மசிந்துவிடும்.

எப்போது ஆயிற்று என்பதைக் காதால் தெரிந்துகொள்ளலாம். குளிர்ந்த சாதம் விழுந்ததும் கடாயின் சத்தம் அமுங்கிப்போகும். முதல் இரண்டு நிமிடம் சுர்ரென்ற மெல்லிய ஒலியும் வெள்ளை ஆவியும்தான். மூன்றாம் நிமிடம் வாக்கில் ஆவி மெலிந்து, சடசடவென்று காய்ந்த சத்தம் வரும். ஓரிரு பருக்கைகள் கடாயிலிருந்து துள்ளும். ஒரு பிடி எடுத்துத் தட்டில் போட்டால் சிதறி விழ வேண்டும். அதற்கு முன் சாஸ் ஊற்றினால், போகாத ஈரத்தின் மேல் இன்னும் ஈரம்.

அடியில் ஒட்டத் தொடங்கினால் தீயைக் குறைக்காமல் ஓரமாக அரை டீஸ்பூன் எண்ணெய் விடுங்கள். தண்ணீர் தெளிக்கும் கை இங்கே நீளும், அதை மட்டும் கட்டிப்போடுங்கள்.

11. சாஸ், உப்பு, மீதி எல்லாம்

கலந்து வைத்த சாஸில் பாதியைக் கடாயின் சூடான ஓரத்தைச் சுற்றி ஊற்றுங்கள். இரும்பில் பட்டதும் சுரீரென்று கொதித்து அதிலுள்ள நீர் போய்விடும், சோயாவுக்கு வறுத்த மணம் ஏறும். சாதத்தின் நடுவில் ஊற்றினால் ஓரிடத்தில் கறுப்பாகவும் ஓரிடத்தில் வெள்ளையாகவும் திட்டுத் திட்டாக நிற்கும். நான்ஸ்டிக்கில் ஓரம் அந்த அளவு காயாது. அங்கே கரண்டியால் பரவலாகத் தெளித்துவிடுவதே மேல்.

உடனே பாதி உப்பு, பாதிக் காய், பாதி முட்டை, கோழி. அடியிலிருந்து நான்கைந்து புரட்டல், ஒரு நிமிடம். மிளகுத்தூள் கடைசியில்தான், சூடான எண்ணெயில் முதலிலேயே போட்டால் வீடே இருமும், மணமும் போய்விடும்.

அடுப்பை அணைத்துவிட்டு வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தூவுங்கள். வறுத்த எள்ளில் எடுத்த அடர்நிற எண்ணெய் இருந்தால் அரை டீஸ்பூன் இப்போது. அது மணத்துக்கு மட்டும், வறுக்க அல்ல. அஜினமோட்டோ சேர்ப்பவர்கள் ஈட்டுக்குக் கால் டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். அதிலும் சோடியம் உண்டு என்பதால் உப்பைச் சற்றுக் குறைத்துக்கொள்ளுங்கள். நான் இல்லாமலேயே செய்கிறேன், குறை தெரியவில்லை.

சுவைத்துப் பாருங்கள். ஏதோ குறைகிறது, ஆனால் உப்பு சரியாக இருக்கிறது என்றால் சில சொட்டு வினிகர் போதும். உடனே அகலமான பாத்திரத்தில் கொட்டி, மூடாமல் வைத்துவிட்டு, இரண்டாவது ஈட்டைத் தொடங்குங்கள்.

12. பாதி வழியில் தவறினால்

சாதம் வடிக்கும்போதே குழைந்துவிட்டதா? அன்றைக்கு ஃப்ரைடு ரைஸ் என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள், அந்தச் சாதத்தை வேறு விதமாகச் சாப்பிடலாம். லேசாகத்தான் அதிகம் வெந்தது என்றால், மெல்லிசாகப் பரப்பி ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் திறந்து வைத்து, இரண்டு ஈட்டுக்குப் பதில் மூன்று ஈடாகச் செய்யுங்கள்.

கடாயில் நீர் கோத்துவிட்டால் கிளறாதீர்கள். பாதியை வெளியே எடுத்துவிட்டு, மீதியைப் பரப்பி முழுத் தீயில் ஒரு நிமிடம் விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உப்புக் கரித்துவிட்டால் உப்பில்லாத வெறும் சாதம் ஒரு கப், பச்சையாக நறுக்கிய முட்டைக்கோஸ் ஒரு பிடி சேருங்கள். சர்க்கரை போட்டு மறைக்கப் பார்த்தால் இரண்டும் கெடும். பூண்டு கருகினால் மட்டும் மாற்று இல்லை, எண்ணெயோடு கொட்டிவிட்டுக் கடாயைத் துடைத்துத் தொடங்க வேண்டியதுதான்.

13. மிச்சம் வந்தால்

அன்று வடித்த சாதத்தில் செய்தது என்றால், ஒரு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத டப்பாவில் பரப்பி ஃப்ரிட்ஜில் வைத்து, மறுநாள் ஒரே ஒருமுறை ஆவி பறக்கும் வரை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். மைக்ரோவேவ் என்றால் நடுவில் ஒருமுறை கிளறிவிடுங்கள், இல்லாவிட்டால் ஓரம் கொதிக்கும், நடு ஜில்லென்று இருக்கும்.

முதல் நாள் சாதத்தில் செய்த ஃப்ரைடு ரைஸை எடுத்து வைக்க வேண்டாம். அது ஏற்கெனவே ஒருமுறை ஆறிச் சூடான சாதம். அதனால் பழைய சாதம் எடுக்கும் நாளில் இரண்டாம் ஈட்டை அடுப்பில் போடும் முன், முதல் ஈட்டைப் பரிமாறிவிட்டு யாருக்கு இன்னும் வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வறுக்காத சாதம் ஃப்ரிட்ஜுக்கே திரும்பிப் போகட்டும்.